“லாகின் ஆகுது, ஆனா நிக்கல”: பிஎச்பி செஷன் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

“லாகின் ஆகுது சார், ஆனா அடுத்த பக்கம் போனா மறுபடி பாஸ்வேர்டு கேட்குது.” இணையதளங்கள் எழுத உதவும் பிஎச்பி நிரல்மொழியில் வேலை செய்பவருக்கு இந்தப் புகார் வராமல் போகாது. வந்ததும் கை நேராக லாகின் ஃபைலுக்குப் போகும். பாஸ்வேர்டு சரிபார்க்கும் வரிகளை நாலு தடவை படிப்போம், ஒன்றும் கிடைக்காது. கடைசியில் பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து, செஷன் (லாகின் ஆனவரைப் பக்கத்துக்குப் பக்கம் சர்வர் நினைவில் வைக்கும் ஏற்பாடு) நேரத்தைப் பெரிய எண்ணாக்கிவிட்டு வருவோம். இரண்டு நாளில் அதே புகார் திரும்பி வரும்.

நான் பார்த்த செஷன் கோளாறுகளில் மிகச் சிலதான் லாகின் கோடில் இருந்தவை. மற்றவை எல்லாம் குக்கீக்கும் (பிரவுசர் வைத்திருந்து கோரிக்கையோடு அனுப்பும் சிறு குறிப்பு) சர்வரில் இருக்கும் செஷன் ஃபைலுக்கும் நடுவே எங்கோ அறுந்தவை. எங்கே அறுந்தது என்று பார்த்த பிறகுதான் கோடில் கை வைக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்தால் பாதி இரவுகள் மிச்சம்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பு அவர்கள் அலமாரியில், டோக்கன் நம் கையில். பிஎச்பி செஷனும் அப்படித்தான். பயனரின் பெயர், உரிமை, கூடையில் போட்ட பொருள் எல்லாம் சர்வரில் ஒரு ஃபைலில் இருக்கும். பிரவுசரிடம் இருப்பது பிஎச்பிசெஸ்ஐடி என்ற குக்கீயும் அதில் ஒரு ஐடியும் மட்டுமே. டோக்கன் தொலையலாம், அலமாரியைக் காலி செய்திருக்கலாம், நாம் வேறு கடைக்குப் போய் நிற்கலாம், நம் டோக்கன் இன்னொருவர் கைக்கும் போயிருக்கலாம். கீழே வரும் அறிகுறிகள் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான்.

(ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.)

முதலில் இந்தச் சோதனை

ஒரு தனி ஃபைலில் மூன்றே வரி:

செஷன்_ஸ்டார்ட்();
$_செஷன்['எண்'] = ($_செஷன்['எண்'] ?? 0) + 1;
எக்கோ செஷன்_ஐடி(), ' ', $_செஷன்['எண்'];

இதைப் புகார் வந்த சர்வரிலேயே வைத்து, ஐந்தாறு தடவை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். எண் 1, 2, 3 என்று ஏறினால் சர்வரும் குக்கீயும் நலம், கோளாறு உங்கள் கோடில்தான். ஐடி மாறாமல் எண் மட்டும் 1-லேயே நின்றால் டோக்கன் வருகிறது, அலமாரியில் செருப்பு இல்லை. ஃபைல் எழுதப்படவில்லை, அல்லது யாரோ அழிக்கிறார்கள். ஐடி ஒவ்வொரு முறையும் மாறினால் பெரும்பாலும் குக்கீ திரும்பி வரவில்லை.

‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம் செஷன்.யூஸ்_ஸ்ட்ரிக்ட்_மோட். அது அணைந்திருந்தால், ஃபைல் இல்லாத ஐடியையும் பிஎச்பி ஏற்றுக்கொண்டு அதே ஐடியில் காலி செஷன் தொடங்கும். அது இயங்கினால் தெரியாத ஐடியை மறுத்துப் புதிய ஐடி தரும். பாதுகாப்புக்கு அது இயங்கத்தான் வேண்டும். ஆனால் அப்போது அலமாரிக் கோளாறும் ஐடி மாறுவதாகவே தெரியும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க எஃப்12 அழுத்தி நெட்வொர்க் தாவலில் அடுத்த கோரிக்கையின் ஹெடர்களை, அதாவது உள்ளடக்கத்துக்கு முன்னால் போகும் தகவல் வரிகளை, பாருங்கள். பிரவுசர் குக்கீயை அனுப்பியும் ஐடி மாறுகிறது என்றால் குற்றம் சர்வர் பக்கம்.

சோதனை முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். செஷன் ஐடியைத் திரையில் காட்டும் பக்கம் நிரந்தரமாக இருக்கக் கூடாது.

“லாகின் பண்ணின உடனே திரும்ப லாகின் பக்கத்துக்கே வருது”

செஷன்_ஸ்டார்ட்() குக்கீயை ஹெடரில் அனுப்புகிறது. அதற்கு முன் ஒரே ஒரு எழுத்து வெளியே போயிருந்தாலும் ஹெடர் கிளம்பிப் போயிருக்கும், குக்கீக்கு இடம் இருக்காது. அந்த எழுத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது: ஃபைலின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 எடிட்டர் போட்டுவிட்ட மூன்று பைட் குறி, அல்லது இன்க்ளூட் செய்த ஃபைலின் கடைசியில் மூடும் குறிக்குப் பிறகு தங்கிவிட்ட ஒரு காலி வரி. முழுக்க பிஎச்பி மட்டுமே இருக்கும் ஃபைல்களில் மூடும் குறியே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

“என் கணினியில் ஓடியதே” என்பவர்களுக்கு ஒரு விடை உண்டு. பல இடங்களில் அவுட்புட்_பஃபரிங் 4096 என்று வைத்திருப்பார்கள். முதல் 4096 பைட் வரை பிஎச்பி கையில் பிடித்து வைத்திருப்பதால் தவறு வெளியே தெரியாது. அந்த அமைப்பு இல்லாத சர்வருக்குப் போனதும் வெடிக்கும். எங்கிருந்து அந்த எழுத்து கிளம்பியது என்று தேடி அலைய வேண்டாம். ஹெடர்ஸ்_சென்ட்($ஃபைல், $வரி) என்று செஷன்_ஸ்டார்ட்டுக்கு முன் அழைத்தால் ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் அதுவே சொல்லிவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது டொமைன். பயனர் வெறும் பெயரில் லாகின் செய்து, உங்கள் ரீடைரக்ட் அவரை டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்ந்த முகவரிக்கு அனுப்பினால் பிரவுசருக்கு அவை இரண்டு வெவ்வேறு இடங்கள். முதலாவதன் குக்கீ இரண்டாவதற்குப் போகாது. இரண்டில் ஒன்றை முடிவு செய்து, மற்றதை சர்வர் மட்டத்திலேயே திருப்பிவிடுங்கள்.

செஷன்.குக்கீ_செக்யூர் இயங்கும் தளத்தை எச்டிடிபியில் திறந்தாலும் இதே அறிகுறிதான். இது சோதனை சர்வரை ஐபி முகவரியில் திறக்கும்போது வரும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் விலக்கு தருவதால் வீட்டில் ஓடியது அங்கே ஓடாது. அதற்காக செக்யூரை அணைக்காதீர்கள், சோதனை சர்வருக்கும் சான்றிதழ் போடுங்கள்.

எண் 1-லேயே நின்ற ரகமா? எரர் லாகைத் திறங்கள். ‘பெர்மிஷன் டினைடு (13)’ என்றிருந்தால் செஷன் வைக்கும் டைரக்டரியில் பிஎச்பிக்கு எழுதும் உரிமை இல்லை. பிஎச்பியை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம் சேவை வேறொரு பயனர் பெயரில் ஓடத் தொடங்கிய நாளில் இது வரும். ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் (28)’ என்றால் டிஸ்க் நிறைந்துவிட்டது. டிஸ்க்கில் இடம் இருப்பதாகக் காட்டினாலும் டிஎஃப் -ஐ கட்டளை கொடுத்து ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் ஒன்று தேவைப்படும் பதிவு) பாருங்கள். லட்சக்கணக்கான குட்டிக் குட்டி செஷன் ஃபைல்கள் இடத்தைவிட முதலில் ஐநோடுகளைத்தான் தின்னும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. லாகின் இல்லாதவரைத் திருப்பியனுப்பும் ஹெடர் வரிக்கு அடுத்து எக்ஸிட் போட்டிருக்கிறீர்களா? ஹெடர் வரி கோடை நிறுத்தாது. எக்ஸிட் இல்லாவிட்டால் மீதிப் பக்கம் முழுவதும் ஓடி, ரகசியத் தகவல் எல்லாம் பதிலோடு சேர்ந்தே போகும். பிரவுசர் அதைக் காட்டாமல் திரும்பிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. பிரவுசர் இல்லாமலே பக்கத்தை எடுக்கும் கர்ல் கட்டளையில் பார்ப்பவருக்குத் தெரியும்.

“அரை மணி நேரம் கழிச்சு வந்தா வெளியே போயிருக்கு”

பயன்படாத செஷனை எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்று சொல்லும் செஷன்.ஜிசி_மேக்ஸ்லைஃப்டைம் இயல்பாக 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். ஒரு நீண்ட படிவத்தை நிரப்பிக்கொண்டே சாப்பிட எழுந்து போனவருக்கு இது போதாது. எண்ணைக் கூட்டலாம். கூட்டியும் பலிக்காத இடங்கள்தான் பலரைத் தூங்கவிடாதவை.

டெபியன், உபுண்டு சர்வர்களில் பழைய செஷன்களைப் பெருக்குவது பிஎச்பி இல்லை. அங்கே பிஎச்பி தானே பெருக்கும் வாய்ப்பைக் குறிக்கும் ஜிசி_ப்ராபபிலிட்டி 0. அரை மணிக்கு ஒருமுறை ஓடும் தனி வேலை ஒன்று /வார்/லிப்/பிஎச்பி/செஷன்ஸ் டைரக்டரியைக் கூட்டுகிறது. அது பார்ப்பது ஐஎன்ஐ ஃபைலில் உள்ள எண்ணை மட்டுமே. நீங்கள் கோடுக்குள் ஐஎன்ஐ_செட் போட்டு எட்டு மணி நேரம் என்று எழுதினாலும் அதற்குக் காது கேட்காது, 24 நிமிடம் தாண்டியதை எடுத்துப் போட்டுவிடும். மாற்ற வேண்டியது ஐஎன்ஐ ஃபைலில். அதுவும் கட்டளை வரிக்கான ஃபைலில் இல்லை, எஃப்பிஎம் அல்லது அப்பாச்சி படிக்கும் ஃபைலில்.

பலர் பங்கிடும் ஹோஸ்டிங்கில் இன்னொரு சிக்கல். நாலு தளங்கள் ஒரே /டிஎம்பி டைரக்டரியில் செஷன் வைத்தால், யாருடைய நேரம் குறைவோ அவருடைய துப்புரவு எல்லோர் ஃபைலையும் அழிக்கும். உங்கள் எண் எவ்வளவு பெரியதானாலும் பயனில்லை. தளத்துக்கென்று வெப் ரூட்டுக்கு வெளியே ஒரு தனி டைரக்டரி வைத்து, செஷன்.சேவ்_பாத் அதைக் காட்டட்டும். டெபியனில் இப்படிக் கோடிலேயே இடம் மாற்றினால் அந்த அரை மணி வேலை புது இடத்துக்கு வராது. ஆகவே ஜிசி_ப்ராபபிலிட்டியை 1 ஆக்க மறக்காதீர்கள். மறந்தால் சில மாதம் கழித்து மேலே சொன்ன ஐநோடு கதைக்கு வந்து சேர்வீர்கள்.

“நான் வேலை பார்த்துக்கிட்டே இருந்தேன், சரியா ஒரு மணி நேரத்துல தள்ளிடுச்சு” என்று ஒருவர் சொன்னால் அது வேறு நோய். செஷன்.குக்கீ_லைஃப்டைம் 3600 என்று யாரோ வைத்திருப்பார்கள். பிஎச்பி குக்கீயை அனுப்புவது செஷன் பிறக்கும்போதும் ஐடி மாறும்போதும்தான், ஒவ்வொரு கிளிக்குக்கும் இல்லை. அதனால் அந்த ஒரு மணி நேரம் நகராது. முதல் நிமிடத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்து முடிந்துவிடும். லைஃப்டைமை 0-வாக விட்டுவிட்டு, கடைசியாகப் பயன்படுத்திய நேரத்தை நீங்களே $_செஷனில் எழுதி வைத்து ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி. குப்பை கூட்டும் வேலையைக் கடிகாரமாக நம்பக் கூடாது. அது பத்து நிமிடம் தாமதமாகவும் வரும், வராமலும் போகும்.

“பணம் கட்டிட்டுத் திரும்பி வந்தா லாகின் கேட்குது”

இதை நான் மறக்க மாட்டேன். ஒரு துணிக்கடையின் இணையதளம். பணம் கணக்கில் ஏறிவிடும். ஆனால் வாங்கியவர் வெளியே தள்ளப்பட்டு, ஆர்டர் ஆனதா இல்லையா என்று தெரியாமல் தவிப்பார். சிலர் இரண்டாம் முறையும் கட்டினார்கள். நாங்கள் சோதித்தபோதெல்லாம் சரியாக ஓடியது. ஃபயர்ஃபாக்ஸில் வரவே இல்லை. குரோமில் வாடிக்கையாளருக்கு வருகிறது, எங்களுக்கு வரவில்லை. நான்கு நாள் போயிற்று.

நடந்தது இதுதான். பேமெண்ட் கேட்வே பணம் முடிந்ததும் பயனரை நம் தளத்துக்கு போஸ்ட் முறையில் (படிவத்தை அனுப்பும் முறை) திருப்பியனுப்புகிறது. 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 முதல், சேம்சைட் (வெளித் தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கீ போகலாமா என்று சொல்லும் குறிப்பு) எதுவும் சொல்லாத குக்கீயை அந்தப் பிரவுசர் லாக்ஸ் என்றே எடுத்துக்கொள்கிறது. லாக்ஸ் குக்கீ வெளித் தளத்திலிருந்து வரும் போஸ்டோடு வராது. ஆனால் ஒரு சலுகை உண்டு: சேம்சைட் குறிக்கப்படாத குக்கீ பிறந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை என்றால் குரோம் அதை அனுப்பிவிடும். நாங்கள் புது ஜன்னல் திறந்து, லாகின் செய்து, சோதனைக் கார்டு போட்டு ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுவோம். புடவை பார்த்து, ஓடிபி வரக் காத்திருந்து, பத்து நிமிடம் கழித்துப் பணம் கட்டிய அம்மாவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

குக்கீ வராதது பாதிக் கதைதான். மீதிப் பாதியை நாங்களே செய்திருந்தோம். திரும்பி வரும் பக்கம், எல்லாப் பக்கங்களையும் போல, பொதுவான ஒரு ஃபைலை இன்க்ளூட் செய்தது. அதன் முதல் வரி செஷன்_ஸ்டார்ட்(). குக்கீ இல்லாமல் வந்த கோரிக்கைக்குப் பிஎச்பி கடமை தவறாமல் புது ஐடி ஒன்றை உண்டாக்கி, பிரவுசரில் பத்திரமாக இருந்த பழைய ஐடியின் மேல் எழுதிவிட்டது. டோக்கனை வீட்டில் வைத்துவிட்டு வந்தவரிடம் புது டோக்கன் கொடுத்துப் பழையதைக் கிழித்தது போல.

தீர்வு: திரும்பி வரும் பக்கத்தில் செஷனையே தொடாதீர்கள். கேட்வே அனுப்பிய கையொப்பத்தைச் சரிபாருங்கள், ஆர்டர் எண்ணை வைத்து டேட்டாபேஸில் நிலையை எழுதுங்கள், 303 ரீடைரக்ட் கொடுத்து நன்றிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். அது கெட் (சாதாரணமாகப் பக்கம் திறக்கும் முறை) கோரிக்கையாகப் போவதால் லாக்ஸ் குக்கீ கூடவே வரும், பயனர் லாகினோடு இருப்பார். குக்கீயை ஸ்ட்ரிக்ட் என்று வைத்திருந்தால் மட்டும் இங்கும் வராது. சேம்சைட்டை ‘நன்’, அதாவது தடை எதுவும் இல்லை, என்று மாற்றினாலும் அறிகுறி மறையும், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு பக்கத்தின் கோளாறுக்காக முழுத் தளத்தையும் வெளியார் போஸ்டுக்குத் திறந்துவிடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. பிஎச்பி 7.3 முதல் செஷன்.குக்கீ_சேம்சைட் அமைப்பு உண்டு. அதில் லாக்ஸ் என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். அந்த இரண்டு நிமிடச் சலுகை போய்விடும், உங்கள் சோதனையிலேயே உண்மை தெரியும்.

“சில நேரம் உள்ளே இருக்கு, சில நேரம் வெளியே இருக்கு”

கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். செருப்பு ஒரு கடையில், நீங்கள் நிற்பது அடுத்த கடையில். ஃபைல் செஷனை விட்டுவிட்டு ரெடிஸ் போன்ற பொது இடத்துக்கு மாறுங்கள். மாறிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள்: பிஎச்பியின் ரெடிஸ் எக்ஸ்டென்ஷன் இயல்பாகச் செஷனைப் பூட்டுவதில்லை. ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளில் பிந்தி முடிவது முந்தியதை அழித்துவிடும். கூடையில் போட்ட பொருள் காணாமல் போவதாகப் புகார் வந்தால் ரெடிஸ்.செஷன்.லாக்கிங்_எனேபிள்டு அமைப்பை இயக்குங்கள்.

ஒரே சர்வர்தானா? ஒவ்வொரு கோரிக்கையிலும் செஷன்_ரீஜெனரேட்_ஐடி(ட்ரூ) அழைக்கிறீர்களா என்று பாருங்கள். பஸ்ஸில் போகிறவரின் மொபைல் நெட்வொர்க்கில் ஒரு பதில் தொலைந்தால், புது ஐடி அவருக்கு வந்து சேராது, பழையதை நீங்கள் அழித்துவிட்டிருப்பீர்கள். லாகின் ஆன கணத்திலும் உரிமை மாறும்போதும் ஐடி கட்டாயம் மாற வேண்டும். இல்லையென்றால் முன்கூட்டியே ஒரு ஐடியைப் பயனர் தலையில் கட்டி, அவர் லாகின் ஆனதும் அதே ஐடியில் நுழையும் தாக்குதலுக்கு வழி கிடைக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் மாற்றத் தேவையில்லை.

உங்கள் கணினியில் மட்டும் வருகிறதென்றால், லோக்கல்ஹோஸ்ட்டில் 8000, 8080 என்று இரண்டு ப்ராஜெக்ட் ஓடலாம். குக்கீ போர்ட் எண்ணைப் பார்ப்பதில்லை, இரண்டும் ஒரே பிஎச்பிசெஸ்ஐடிக்கு அடித்துக்கொள்ளும். செஷன்_நேம்() கொண்டு வேறு வேறு பெயர் வையுங்கள்.

“ஒரு ரிப்போர்ட் எடுத்தா மத்த எந்தப் பக்கமும் திறக்க மாட்டேங்குது”

சர்வர் மெதுவாகிவிட்டது என்று நினைத்து ராம் கூட்டியவர்கள் உண்டு. வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே உடனே திறந்தால் இது பூட்டு. செஷன்_ஸ்டார்ட் முதல் கோரிக்கை முடியும்வரை அந்த செஷன் ஃபைலை பிஎச்பி பூட்டி வைத்திருக்கும், அதே பயனரின் மற்றக் கோரிக்கைகள் வரிசையில் நிற்கும். ரிப்போர்ட் தொடங்குமுன், செஷனில் எழுத வேண்டியதை எழுதியதும், செஷன்_ரைட்_க்ளோஸ்() அழையுங்கள். படிக்க மட்டும் வேண்டிய பக்கங்களில், பிஎச்பி 7.0 முதல், செஷன்_ஸ்டார்ட்(['ரீட்_அண்ட்_க்ளோஸ்' => ட்ரூ]) போதும்.

“லாகவுட் பண்ணியும் உள்ளேயே இருக்கு”

செஷன்_டெஸ்ட்ராய்() சர்வரில் உள்ள ஃபைலை மட்டும் அழிக்கும். $_செஷனில் ஏற்கெனவே ஏறிய மதிப்பும் பிரவுசர் குக்கீயும் அப்படியே இருக்கும். முதலில் செஷன்_ஸ்டார்ட், பிறகு $_செஷனைக் காலி செய்வது, குக்கீயை அது பிறந்த அதே பாத், டொமைனோடு காலாவதி ஆக்குவது, கடைசியில் டெஸ்ட்ராய். ‘என்னை நினைவில் வை’ வசதி இருந்தால் அதன் தனிக் குக்கீயையும் டேட்டாபேஸில் அதன் பதிவையும் சேர்த்தே அழியுங்கள். அதுதான் சத்தமில்லாமல் திரும்ப உள்ளே இழுத்துப் போடுவது.

“என் பக்கத்துல வேற யாரோ பேர் வருது”

இந்தப் புகார் வந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்திருங்கள். காரணம் தேடுவதற்கு முன் சிடிஎன், வார்னிஷ், என்ஜின்எக்ஸ் என்று எந்த கேஷ் (பக்கங்களின் நகலைச் சேமித்துக் கொடுப்பது) முன்னால் இருந்தாலும் அதை அணைத்துக் காலி செய்யுங்கள்.

பிறகு ஹெடரைப் பாருங்கள். 1981 நவம்பர் 19 என்ற தேதி எக்ஸ்பயர்ஸ் ஹெடரில் இருந்தால் பக்கத்தில் செஷன் தொடங்கியிருக்கிறது, கேஷ் செய்யாதே என்று பிஎச்பி சொல்லியும் இருக்கிறது என்று பொருள். அந்தத் தேதி இல்லை என்றால் யாரோ செஷன்_கேஷ்_லிமிட்டரை மாற்றியிருக்கலாம். தேதி இருந்தும் கோளாறு வந்தால், முன்னால் நிற்கும் கேஷ் அந்தச் சொல்லை மதிக்கவில்லை. என்ஜின்எக்ஸ் இயல்பாக செட்-குக்கீ உள்ள பதிலைக் கேஷ் செய்யாது. ஆனால் வேகத்துக்காக எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய அமைப்பில் ஃபாஸ்ட்சிஜிஐ_இக்னோர்_ஹெடர்ஸ் என்ற வரியில் கேஷ்-கண்ட்ரோல், எக்ஸ்பயர்ஸ், செட்-குக்கீ மூன்றும் உட்கார்ந்திருக்கும். அதன் விளைவு, ஒருவருக்குக் கொடுத்த டோக்கனை நகல் எடுத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுப்பது. அந்த வரியை எடுங்கள். செஷன் குக்கீ இருக்கும் கோரிக்கைகள் கேஷைத் தாண்டிப் போகும்படி விதி எழுதுங்கள்.

கேஷ் இல்லாத தளத்தில் இது வந்தால், ஸ்வூல், லாராவெல் ஆக்டேன் போல ஒரே ப்ராசஸ் பல கோரிக்கைகளுக்கு உயிரோடு இருக்கும் அமைப்பா என்று பாருங்கள். அங்கே ஸ்டாட்டிக் மாறியில் போட்ட பயனர் அடுத்தவர் வரும்போதும் அங்கேயே இருப்பார்.

சரிசெய்த பிறகும் கசிந்த ஐடிகள் வெளியே உயிரோடு இருக்கும். செஸ்_ என்று தொடங்கும் ஃபைல்கள் எல்லாவற்றையும் அழியுங்கள், ரெடிஸ் என்றால் செஷன் கீகளை அழியுங்கள். ‘என்னை நினைவில் வை’ பதிவுகளும் போக வேண்டும். எல்லோரும் மறுபடி லாகின் செய்ய வேண்டி வரும். ஏன் என்று அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், யாருடைய விவரம் யாருக்குத் தெரிந்திருக்கலாம் என்பதையும் சேர்த்து.